வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா? வீடியோவில் சொல்லாத சட்டம்

யூடியூபில் துப்பாக்கி பற்றி ஒரே ஒரு வீடியோ பார்த்தால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு அதே மாதிரி வீடியோக்கள்தான் வரிசைகட்டி வரும். அவற்றில் நம்மூர் ஆட்களும் விரும்பிப் பார்ப்பது 'ரீலோடிங்' வீடியோக்கள். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். சுட்டு முடித்த காலித் தோட்டாக் கூடுகளைக் கழுவி, கைப்பிடி வைத்த ஒரு பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, தராசில் மருந்தை நிறுத்துப் போட்டு, புதுத் தோட்டாவாக ஆக்கிவிடுவார். கடையில் வாங்குவதைவிடச் செலவு குறைவு, குறியும் துல்லியம் என்பார். கருவிகள் இணையக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி வீடியோவை முடிப்பார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. அவர் ஊரில் அது சரிதான். அமெரிக்க மத்திய சட்டப்படி, தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் மட்டும் தேவை. அதே மேசையை ஓசூரிலோ உதகையிலோ போட்டால் கதையே வேறு. நம் நாட்டில் அது 'தோட்டா தயாரித்தல்' என்ற குற்றம். குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டுச் சிறை. "என்கிட்டதான் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கே" என்று நினைப்பவர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகம். பித்தளைக் கூடு, அதன் அடியில் ஊசி வந்து அடிக்கும் இடத்தில் உள்ள பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு குண்டும் மருந்தும் போய்விடும், பிரைமர் வெடித்துவிடும், கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டுக்கு மறுபடி உயிர் கொடுப்பதுதான் ரீலோடிங்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், காரணம் தூரம். அமெரிக்காவில் மான் வேட்டை பல மாநிலங்களில் அனுமதிச்சீட்டோடு நடக்கும் சட்டபூர்வமான விஷயம். அங்கே நீண்ட தூரத்திலிருந்து குறி வைப்பதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். .308 என்ற பரவலான ரகத் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியால் 1,000 கெஜத்தில் உள்ள இலக்கைச் சுட்டால், குண்டு போய்ச் சேருவதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 10 மீட்டர் கீழே இறங்கிவிடும். இந்த இறக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் கணக்குப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு தோட்டா வினாடிக்கு 2,600 அடி வேகத்திலும் அடுத்தது 2,650 அடி வேகத்திலும் போனால், அந்தத் தூரத்தில் மட்டும் அரை மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும். அதனால்தான் மருந்து எடை, கூட்டின் நீளம், குண்டு எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் மில்லிகிராம், மைக்ரான் கணக்கில் ஒரே மாதிரி ஆக்கப் பார்க்கிறார்கள்.

இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் 'வைல்டுகேட்' ஆட்கள். கடையில் உள்ள எந்த ரகமும் பிடிக்காமல், ஒரு ரகத் தோட்டாவின் கூட்டை எடுத்து அதன் கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ வேறு அளவுக் குண்டு பொருத்தி, புதிதாக ஒரு ரகத்தையே உருவாக்குவார்கள். அதற்கேற்பத் துப்பாக்கிக் குழலின் பின்பக்க அறையையும் குடைந்து மாற்ற வேண்டும். இப்படித் தனி ஆட்கள் செய்து பார்த்தவற்றில் சில பிற்பாடு கம்பெனி ரகமாகவே ஆகியிருக்கின்றன. .250 ரகக் கூட்டைச் சுருக்கிச் செய்த .22-250 பல ஆண்டு வைல்டுகேட்டாக இருந்து, 1965-ல் ரெமிங்டன் நிறுவனத்தின் ரகமானது. .30-06 கூட்டிலிருந்து பிறந்த .25-06 அதே வழியில் 1969-ல் வந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனித் தோட்டாவுக்கும் வைல்டுகேட்டுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் உண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30, 32 பிஎஸ்ஐ. .30-06 தோட்டா சுடும் அந்த நொடியில் கூட்டுக்குள் இருக்கலாம் என்று தொழில்துறை வைத்திருக்கும் உச்ச அளவு 60,000 பிஎஸ்ஐ. கிட்டத்தட்ட இரண்டாயிரம் மடங்கு! அந்த வெடிப்பு நடப்பது சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி. கம்பெனி, ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளக்கும் குழலில் சுட்டுப் பார்த்துத்தான் ஒரு ரகத்தை வெளியிடும். வைல்டுகேட்டுக்கு அப்படிச் சோதித்த அட்டவணை பெரும்பாலும் இருக்காது. செய்பவரே சோதனை எலி. மருந்து ரகம் மாறினாலோ, கவனம் சிதறி இரண்டு முறை மருந்து விழுந்தாலோ, துப்பாக்கியின் பின்பக்கமே பிய்ந்துகொண்டு வரும். பத்து நிமிட வீடியோவில் இந்த அனுபவம் எல்லாம் வராது.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம்.

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இதில் 3-வது பிரிவும் 5-வது பிரிவும் வேறு வேறு. துப்பாக்கியும் தோட்டாவும் வாங்க, வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பது 3-வது பிரிவு. உங்கள் கையில் உள்ள லைசென்ஸ் இதன் கீழ் வருவது. தோட்டாவோ துப்பாக்கியோ தயாரிக்க, விற்க, மாற்றியமைக்க, பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும் என்பது 5-வது பிரிவு. இது ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பழுதுபார்ப்பவர்களுக்கும் உள்ளது. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பதால் வீட்டில் கார் தயாரிக்க முடியாது இல்லையா, அந்த மாதிரிதான்.

"நான் எங்க தயாரிக்கிறேன்? பழசைத்தானே நிரப்புறேன்?" என்ற வாதமும் நிற்காது. காலிக் கூட்டில் பிரைமரும் மருந்தும் குண்டும் சேர்ந்தால் அங்கே ஒரு தோட்டா பிறக்கிறது. சட்டம் அதைத்தான் பார்க்கும். வைல்டுகேட் என்றால் சிக்கல் இரட்டிப்பு. குழலின் அறையைக் குடைவது துப்பாக்கியை மாற்றியமைப்பது. அதோடு, உங்கள் உரிமத்தில் துப்பாக்கியின் ரகம் எழுதப்பட்டிருக்கிறது. 12 போர், .315 என்று எழுதியிருக்கும் இடத்தில், நீங்களே கண்டுபிடித்த ரகத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

5-வது பிரிவை மீறித் தயாரித்தால் முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2019 திருத்தம் அதைக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை என்று உயர்த்திவிட்டது. அபராதம் தனி. உரிமம் இல்லாமல் சாதாரணத் தோட்டா வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை.

பலரும் கவனிக்காத இன்னொரு வரி அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவில் இருக்கிறது. 'தோட்டா, வெடிபொருள்' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போது, அவற்றின் பாகங்களையும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது பிரைமர் டப்பா, குண்டு டப்பா, கைப்பிடி பிரஸ் எல்லாமே சட்டத்தின் பார்வையில் தோட்டாவோடு வைத்துப் பார்க்கப்படும் பொருள்கள். இந்த இடத்தில்தான் அமெரிக்க உறவினர்கள் வருகிறார்கள். போனில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மாமா, இங்க கடையிலயே சாதாரணமா விக்குது. பொங்கலுக்கு வரும்போது ஒரு பிரஸ்ஸும் நாலு டப்பா பிரைமரும் வாங்கிட்டு வரட்டா?"

"வாங்கிட்டு வா மாப்ளே, உன் மாமன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே."

இதில் மாப்பிள்ளையும் மாட்டுவார், மாமாவும் மாட்டுவார். வெளிநாட்டிலிருந்து ஆயுதமோ தோட்டாவோ கொண்டுவர 10-வது பிரிவின்படி உரிமம் வேண்டும். மாமாவின் லைசென்ஸ் மாப்பிள்ளையின் பெட்டிக்குச் செல்லாது. பிரைமர் என்பது அடித்தால் வெடிக்கும் பொருள். விமானத்தில் ஏற்றுவதே தனிப் பிரச்சினை. இணையத்தில் வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போட்டாலும் பார்சல் சுங்கத் துறையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆர்டர் உங்கள் பெயரில், பணம் உங்கள் கணக்கில், முகவரி உங்கள் வீடு. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

சாவிக்கொத்தில் ஒரு காலித் தோட்டாவைத் தொங்கவிட்டிருப்பவர்கள் இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45-வது பிரிவு விலக்கு தருகிறது. எண்ணம்தான் அங்கே முக்கியம். அலமாரியில் தனியாக இருக்கும் ஒரு காலிக் கூடு நினைவுப்பொருள். அதே கூடு பக்கத்தில் பிரஸ்ஸும் மருந்தும் இருந்தால் வேறு பொருள். விமான நிலையத்தில் பையில் மறந்துபோன தோட்டாவோடு பிடிபடுபவர்கள் விஷயத்திலும், தெரிந்தே வைத்திருந்தாரா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கருத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த விளக்கத்தை நீங்கள் சொல்வதற்குள் விமானம் போய்விடும், வழக்கும் பதிவாகியிருக்கும். பயணத்துக்கு முன் பையின் எல்லா அறைகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடுவது நல்லது. அப்பாவின் பழைய பை என்றால் இரண்டு முறை.

நம் சட்டம் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். அதற்கு நூறாண்டுக்கு மேலான கதை உண்டு, அதிலும் ரீலோடிங் வருகிறது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் நிறையக் களவு போயின. வேட்டைக்கு என்று இறக்குமதியான .450 ரகத் தோட்டாவின் குண்டைப் பிடுங்கி, அந்தத் துப்பாக்கிகளுக்குத் தோட்டா நிரப்பிவிடுவார்கள் என்று அரசு பயந்தது. 1907 வாக்கில் அந்த ரகத்தை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். தடையைச் சுற்றிப்போக லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது ரகங்கள் செய்தன. ராணுவ ரகத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற அதே எண்ணம்தான் இன்றும் 'தடைசெய்யப்பட்ட ரகம்', 'தடைசெய்யப்படாத ரகம்' என்ற பிரிவாக நம் உரிமத்தில் தொடர்கிறது. .303 முதல் வகை. 12 போர், .315 ரைபிள், .32 ரிவால்வர் எல்லாம் இரண்டாவது வகை.

வேட்டை என்ற பேச்சே நம் நாட்டில் முடிந்துபோன ஒன்று. தருமபுரி, சேலம் காடுகளில் .405 வின்செஸ்டரைத் தூக்கிக்கொண்டு திரிந்த கென்னத் ஆண்டர்சனின் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அது 1972-க்கு முந்தைய உலகம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். எந்தத் துப்பாக்கி லைசென்ஸும் வேட்டைக்கான லைசென்ஸ் ஆகாது.

"அப்போ காட்டுப்பன்னி என் கடலைக்காட்டை அழிக்குதே, நான் என்ன பண்றது?" இந்தக் கேள்வி நியாயமானது. இதற்கு வேடிக்கையான பதில் சொல்லக் கூடாது. இரவெல்லாம் பரணில் கண்விழித்துக் கிடக்கும் விவசாயிக்குத்தான் அதன் வலி தெரியும். தமிழக அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு என்று தனி நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் தேவைப்பட்டால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள், விவசாயி அல்ல. ஆகவே பன்றித் தொல்லை என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். சேதமான பயிரைத் தேதி தெரியும்படி போனிலேயே படம் எடுத்து வையுங்கள், இழப்பீட்டு மனுவுக்கு அது உதவும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

நாட்டுத் துப்பாக்கிகளில் வாய்வழியாக மருந்தும் ரவையும் கெட்டிப்பது தனி ரகம். அதற்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருப்பவர்கள் மலைப்பகுதிகளில் இன்னமும் இருக்கிறார்கள். தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மலை மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு கொடுக்கும். அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

குடகுக்காரர்களுக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாமாமே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். குடகு மக்களுக்கு மத்திய அரசு கொடுத்துள்ள விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அது வைத்திருப்பதற்கான விலக்கு. நமக்கு அது பொருந்தாது.

லைசென்ஸ் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

தோட்டாவை உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் உரிமப் புத்தகத்தில் பதிவு போடச் சொல்லுங்கள். எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். நண்பரிடம் தோட்டா தீர்ந்துவிட்டது என்று நாலு எடுத்துக் கொடுப்பது பலருக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. சட்டப்படி அது கைமாற்றுதல். முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்க முடியும். வாங்குபவரும் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும்.

ஈரம் பட்ட தோட்டா, பாசி பிடித்த தோட்டா, ஊசி அடித்தும் வெடிக்காத தோட்டா இவற்றைப் பிரித்து மருந்தைக் கொட்டும் பழக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். கிணற்றில் போடுவதும் அடுப்பில் போடுவதும் இன்னும் மோசம். காவல் நிலையத்துக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டு, உரிமத்தோடு கொண்டுபோய் ஒப்படையுங்கள். இல்லையென்றால் வாங்கிய கடையில் கேளுங்கள்.

உரிமம் இப்போது 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. புது விண்ணப்பம், புதுப்பித்தல் எல்லாம் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் இணையதளத்தில், போனிலேயே தொடங்கலாம். உங்கள் உரிமத்துக்கு அந்தத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத உரிமம் செல்லாது. மாவட்டங்களில் உரிமம் வழங்குவது ஆட்சியர். மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள ஊர்களில் ஆணையர். காவல்துறை விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எல்லாம் சேர நாளாகும் என்பதால், காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். உரிமம் காலாவதியான மறுநாள் உங்கள் அலமாரியில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி, அவ்வளவுதான்.

வாரிசுகள் விஷயம் இன்னும் முக்கியம். அப்பா இறந்துவிட்டார், துப்பாக்கியும் ஒரு டப்பா தோட்டாவும் பீரோவில் இருக்கின்றன, பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் பார்க்கலாம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. உரிமம் இறந்தவரோடு முடிந்துபோகிறது. தாமதிக்காமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. பிறகு வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அப்பா இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு பெயருக்கு உரிமம் கேட்கலாம்.

கடைசியாக, உண்மையிலேயே சுடுவதில், குண்டு பறக்கும் கணக்கில் ஆர்வம் உள்ள இளைஞர்களுக்கு. மாவட்ட ரைபிள் சங்கத்தில் சேருங்கள். பயிற்சியாளர் இருப்பார், சுடுதளம் இருக்கும், எல்லாம் சட்டப்படி நடக்கும். அதற்கும் முன்பு தொடங்க நினைத்தால் ஏர் ரைபிள் போதும். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் உள்ளவற்றுக்கு உரிமம் தேவையில்லை. மூச்சை அடக்குவதை 10 மீட்டரிலேயே கற்றுக்கொள்ளலாம். வாங்கும்போது பில்லில் இந்த இரண்டு அளவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பறவை, அணில் மேல் அதை நீட்டினால் வனத்துறை வழக்கு வரும்.